குஞ்சு பொரிக்க முட்டை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கோழி முட்டையை இன்குபேட்டரில் (சூடு கொடுத்துப் பொரிக்க வைக்கும் பெட்டி) வைத்தால், இருபதாம் நாள் இரவு முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓட்டில் மிளகு அளவுக்கு ஒரு விரிசல் விழுந்திருக்கும். அதன் பிறகு மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. "பாவம், வர முடியாமல் தவிக்குதே" என்று மனசு அடித்துக்கொள்ளும். முதல் முறை நானும் அப்படி நினைத்துத்தான் நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன். உள்ளே வெள்ளைச் சவ்வில் சிவப்பு நூல் போல ரத்தக்குழாய்கள் ஓடின. ஒன்று அறுந்து ரத்தம் கசிந்தது. விடிவதற்குள் அந்தக் குஞ்சு செத்துவிட்டது.

அசையாமல் கிடக்கிறதே என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் குஞ்சுக்கு முக்கியமான வேலை நடக்கிறது. நுரையீரலால் மூச்சுவிடப் பழகுகிறது. சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகிறது. இதெல்லாம் முடிய 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கலாம். பிறகு அதுவாகவே சுற்றித் திரும்பி, மூடியைத் திருகியதுபோல ஓட்டை வட்டமாக வெட்டிக்கொண்டு வெளியே வரும்.

இதே அவசரத்தில்தான் இன்குபேட்டர் மூடியையும் அடிக்கடி திறக்கிறோம். கடைசி 3 நாளில் உள்ளே ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் அந்த ஈரம் நொடியில் போய்விடும். விரிசல் விட்ட முட்டையின் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அது திரும்பக்கூட முடியாது. முதலில் பொரித்த குஞ்சு பசியில் கத்துகிறது என்றும் திறக்க வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள்கரு அதற்கு 2 நாளுக்குத் தாங்கும். முடி உலர்ந்து பஞ்சு போல ஆன பிறகு, சில குஞ்சுகளைச் சேர்த்து ஒரே முறையாக எடுங்கள்.

சரி, ஆரம்பத்துக்கு வருவோம். சேவல் மிதிக்காத முட்டையை எத்தனை நாள் வைத்தாலும் கூமுட்டைதான். சாப்பாட்டுக்கென்று கடையில் விற்கும் முட்டை பெரும்பாலும் அந்த ரகம். கரு கூடிய முட்டையாகவே இருந்தாலும் 7 நாளுக்கு மேல் சேர்த்து வைத்தால் பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும், இடம் 15 டிகிரி சுற்றி குளிர்ச்சியாக இருந்தால் நல்லது. ஃப்ரிட்ஜ் அதற்கு ரொம்பக் குளிர். அழுக்காக இருக்கிறதென்று கழுவிவிடாதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே நுழையும். சுத்தமான முட்டையாகப் பார்த்துப் பொறுக்குவதே மேல். வெளியூரிலிருந்து குலுங்கி வந்த முட்டையை உடனே வைக்காமல், கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் விடுங்கள்.

வெப்பத்தில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். ஃபேன் உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி. ஃபேன் இல்லாததில் சூடான காற்று மேலே தேங்கும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 சுற்றி வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரே எண்ணை வைப்பவர்கள் ஏராளம். காட்டும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். முட்டை வைப்பதற்கு ஒரு நாள் முன்பே காலியாக ஓடவிட்டு, இன்னொரு தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு பொறியும் இருக்கிறது: குளிர்ந்த முட்டைகளை அடுக்கியதும் வெப்பம் இறங்கும். பதறிப்போய் கூட்டி வைத்தால், முட்டைகள் சூடான பிறகு அளவு மீறிவிடும். தொடாமல் விட்டால் சில மணி நேரத்தில் தானே ஏறிவிடும். சூடு கொஞ்சம் குறைவதைக் கரு தாங்கும், கூடுவதைத் தாங்காது. 40-ஐத் தாண்டி சில மணி நேரம் நின்றாலே கருக்கள் சாகத் தொடங்கும். அதனால் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை அடைக்காமல் மேலே ஒரு போர்வை போட்டால் போதும்.

முட்டையைத் திருப்பாமல் விட்டால் கரு மேலே மிதந்து ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் இதில் ரொம்ப முக்கியம். தானாகத் திருப்பும் வசதி இல்லையென்றால் ஒரு நாளைக்கு 3 அல்லது 5 முறை கையால் திருப்புங்கள். ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரவு நீண்ட நேரம் ஒரே பக்கம் கிடப்பது மாறி மாறி வரும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுவிட்டால் குழப்பமில்லை. 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். நாள் எண்ணும்போது முட்டை வைத்து 24 மணி நேரம் முடிந்தால்தான் 1 நாள். வைத்த அன்றையே ஒன்று என்று எண்ணினால் ஒரு நாள் முன்பே பதற வேண்டி வரும்.

முதல் 18 நாளில் தண்ணீரை அள்ளி ஊற்றுவதும் தவறுதான். அப்போது 45 முதல் 55 சதவீதம் போதும். அந்த நாட்களில் முட்டை தன் எடையில் 12 சதவீதம் போல இழந்தால்தான் அகலமான முனையில் காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டை உடைக்கும் முன் முதல் மூச்சு விடுவது அங்கேதான். ஈரம் அதிகமாக இருந்தால் அறை சிறுத்து, முழுதாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஈரத்தைக் கூட்டத் தண்ணீரின் ஆழம் உதவாது, பரப்பு அகலமாக இருக்க வேண்டும்.

7-ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ரத்தக்குழாய்கள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. எதுவும் இல்லாமல் வெளிச்சம் ஊடுருவினால் கூமுட்டை. செத்ததை விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும். ஓடு அடர் நிறமாக இருந்து சரியாகத் தெரியவில்லையென்றால் எறிந்துவிடாமல் 10-ஆம் நாள் மறுபடி பாருங்கள்.

21 நாள் ஆகியும் பொரியவில்லையா? 23-ஆம் நாள் வரை விடுங்கள். எல்லாமே தாமதமாகப் பொரித்தால் வெப்பம் குறைவாக இருந்திருக்கிறது, 19-ஆம் நாளே வந்துவிட்டால் கூடுதலாக இருந்திருக்கிறது. அடுத்த முறை அரை டிகிரி மாற்றிப் பாருங்கள். அப்புறம், எடுத்த குஞ்சை வழுக்கும் காகிதத்தின் மேல் விடாதீர்கள், கால் இரண்டு பக்கமும் அகன்று போய்விடும். சொரசொரப்பான துணி விரித்து, முதல் வாரம் 35 டிகிரி சுற்றி சூடு கொடுத்து, ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் ஒரு முறை தொட்டுக் காட்டுங்கள்.