மெஸ்ஸில் சாப்பிடாவிட்டாலும் பில் வரும்

சென்னையில் விடுதியில் தங்கிப் படித்த நான்கு ஆண்டுகளில் பணம் எதற்குப் போனது என்று கேட்டால், சினிமா, பிரியாணி என்று சொல்லத்தான் ஆசை. அதிகம் போனது காலைத் தூக்கத்துக்கு.

தமிழ்நாட்டில் பல கல்லூரி விடுதிகளில் மெஸ் நடப்பது டிவைடிங் முறையில். அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு என மாதச் செலவு மொத்தத்தையும் கூட்டி, எல்லா மாணவர்களின் வருகை நாள்களால் வகுத்து ஒரு நாள் கட்டணம் போடுவார்கள். எட்டரைக்கு எழுந்து இட்லியைத் தவறவிட்டாலும் அந்த நாள் உங்கள் பெயரில் ஏறிவிடும். பிறகு பதினொரு மணிக்குக் கேன்டீனில் ஒரு பப்ஸ், ஒரு டீ. நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 25 நாளில் 1,000 ரூபாய். மெஸ் இட்லி கல்லாக இருக்கும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அது காசு கொடுத்தாகிவிட்ட கல்.

லீவிலும் இதே கதை. ஊருக்குப் போகும் நாள்களைக் கழிக்க முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து இத்தனை நாளாவது ஊருக்குப் போயிருந்தால்தான் கழிப்போம் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. ஒரு பொங்கலுக்கு ஒன்பது நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். நோட்டீஸ் போர்டில் என் எண்ணுக்கு நேரே முழு மாதத் தொகை. நான் எழுதிய கடிதமோ ரெக்கார்டு நோட்டுக்குள் மடித்தபடியே கிடந்தது.

எல்லா மாதமும் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. வீட்டிலிருந்து பணம் மாதக் கணக்கில் வரும். கல்லூரிச் செலவு செமஸ்டர் கணக்கில் வரும். ஜூலையில் கை தாராளமாக இருக்கும். அக்டோபரில் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு, தீபாவளிப் பயணம் எல்லாம் சேர்ந்து நிற்கும். பண்டிகைத் தேதி ஜனவரி மாதமே காலண்டரில் இருந்தும் கடைசி வாரத்தில் ஆம்னி பஸ்ஸுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். ரயிலில் 60 நாள் முன்பே பதிவு செய்யலாம். சொந்த ஊருக்குப் போய்வர மாணவர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகையும் உண்டு, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதத் தள்ளுபடி. கல்லூரி அலுவலகத்தில் படிவம் வாங்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போக வேண்டும். தட்கலில் இந்தச் சலுகை செல்லாது. படிவத்துக்காக வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டே பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவர்கள், அந்த வங்கிக் கணக்கை ஜிபேயில் இணைக்காமல் இருந்தால் நல்லது. டீக்கடை க்யூஆர் அட்டைக்கு அது தெரியாமலே இருக்கட்டும்.

கடன் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். பலவற்றில் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தருவார்கள். என் அறை நண்பன் ஒருமுறை தேர்வுக் கட்டணத்துக்கு 600 ரூபாய் குறைந்து, கூச்சத்தை விட்டு ஒரு சீனியர் அண்ணனிடம் கேட்டான். இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "எந்த 600?" என்றார் அவர்.