ஹைஃபை ஸ்பீக்கருக்கு ஆம்ப் வாங்கும் முன்

எந்த ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது ஸ்பீக்கர் எது, ஹால் எவ்வளவு பெரியது, நீங்கள் உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து எத்தனை அடி என்பதைத்தான். இது தெரியாமல் மாடல் பெயர் சொல்கிறவர் தன் வீட்டில் இருப்பதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்ப்களுக்கு இடையே காதில் விழும் வித்தியாசம், இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே இருப்பதோடு பார்த்தால் ரொம்பச் சின்னது. 1978லேயே இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் தன்னுடைய பழைய வால்வு ஆம்ப் ஒன்றையும் டிரான்சிஸ்டர் ஆம்ப் இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கவைத்தது. கேட்டவர்கள் பழுத்த அனுபவசாலிகள், அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்காக எல்லா ஆம்பும் ஒன்றுதான் என்று அர்த்தமில்லை. பவர் போதாத ஆம்ப், இரைச்சல் போடும் ஆம்ப், ஸ்பீக்கரின் ஓம்ஸை (மின்தடை அளவு, குறைந்தால் ஆம்புக்குச் சுமை கூடும்) தாங்காத ஆம்ப் எல்லாம் நிச்சயம் மோசமாகக் கேட்கும். அந்த மூன்றும் இல்லாமல் பத்து வருஷம் உழைக்கிற ஒன்றைத் தேடினால் போதும், மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

சரி, எத்தனை வாட்ஸ் வேண்டும்? ஸ்பீக்கர் பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும், உதாரணத்துக்கு 86 டெசிபல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் சத்தம் வரும் என்பது அதன் பொருள் (8 ஓம் ஸ்பீக்கருக்கு, 4 ஓம் என்றால் பெரும்பாலும் அதே எண்ணை 2 வாட்ஸில் அளந்திருப்பார்கள், அதனால் 3 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள்). நீங்கள் உட்காருவது பத்தடி தள்ளி. தூரத்தால் 9 டெசிபலுக்கு மேல் குறையும், ஆனால் இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாலும் சுவர்கள் திருப்பியனுப்புவதாலும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆக ஒரு வாட்டுக்கு உங்கள் காதில் சுமார் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் நன்றாகச் சத்தமாகவே பாட்டு கேட்டாலும் சராசரி 75 டெசிபல்தான் இருக்கும், அதற்கு மூன்றில் ஒரு வாட் போதும்! ஆனால் தவில் அடி, டிரம்ஸ் அடி மாதிரி திடீரென்று எழும்பும் இடங்கள் சராசரிக்கு மேலே 20 டெசிபல் வரை போகும். 95 டெசிபலுக்கு 15 டெசிபல் கூடுதலாக வேண்டும், அதாவது 32 மடங்கு, அதாவது 32 வாட்ஸ். இதுதான் கணக்கு. சேனலுக்கு, அதாவது ஒவ்வொரு பக்கத்து ஸ்பீக்கருக்கும், 40, 50 நிஜ வாட்ஸ் பெரும்பாலான ஹாலுக்குத் தாராளம். 82 டெசிபல் குட்டி ஸ்பீக்கர் என்றால் இரண்டரை மடங்கு கூட்டி 80 வாட்ஸ் பாருங்கள்.

50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். ஏறுவது 3 டெசிபல்தான், 'கொஞ்சம் கூடியிருக்கு' என்கிற அளவு. காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். 1978இல் வந்த நேட் 3020 ஆம்ப் காகிதத்தில் வெறும் 20 வாட்ஸ், விலையும் குறைவு, ஆனால் நொடிப்பொழுது உச்சங்களுக்கு அதைவிட இரட்டிப்பாகவே தரும். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்புவதா வேண்டாமா என்பது. பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம் என்று ஊதிப் பெருக்கிய வாட்ஸ்) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) என்று இருந்தாலும் கூடவே மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை ஓம்ஸில், எந்த அலைவரிசை முழுக்க, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (சத்தத்தின் சிதைவில்). '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 0.1 சதவீதத்துக்குள், இரண்டு சேனலும் ஓடும்போது' என்று இருந்தால் அது நேர்மையான எண். '4 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம்' என்று இருந்தால் அது கிழிந்துபோன சத்தத்தில் அளந்தது. நல்ல கம்பெனிகளும் இரண்டு எண்ணை வைத்திருப்பார்கள்: டெனான் பிஎம்ஏ-600என்இ விளம்பரத்தில் 70 வாட்ஸ், அதே ஆம்ப் 8 ஓமில் அலைவரிசை முழுக்க 45 வாட்ஸ். பொய் இல்லை, ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது 45ஐ. அமெரிக்காவில் இந்த வாட்ஸ் புளுகு தாங்காமல் 1974லேயே தனி விதி போட்டார்கள். ஏவி ரிசீவரில் (சினிமாவுக்கான பல சேனல் ஆம்ப்) இந்த விளையாட்டு இன்னும் அதிகம், ஒரே ஒரு சேனலை ஓடவிட்டு அளந்த எண்ணை ஏழு சேனலுக்கும் எழுதியிருப்பார்கள். சினிமாவும் வேண்டும் என்றால் ரிசீவர் எடுங்கள், பாட்டு மட்டும்தான் என்றால் அதே காசுக்கு ஸ்டீரியோ ஆம்ப் மேல்.

இப்போது ஆன்லைனில் கிடைக்கும் கையடக்க கிளாஸ் டி ஆம்ப்கள் (வேகமாக ஆன், ஆஃப் ஆகிச் சூடு குறைவாக ஓடும் வகை). உள்ளே பெரும்பாலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப் இருக்கும், நல்ல சிப், எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை. '300 + 300 வாட்ஸ்' என்பதில்தான் குறை. கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 160 வாட்ஸ். உள்ளே போவதே 160 என்றால் வெளியே 600 எங்கிருந்து வரும்? அந்த சப்ளையில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 60 வாட்ஸ் பக்கம் கிடைக்கும். அது போதும் என்று மேலே கணக்குப் போட்டுவிட்டோம், அதனால் வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். இன்னொன்று, மலிவான கிளாஸ் டி ஆம்ப்களில் கடைசியில் இருக்கும் ஃபில்டருக்கு முன்னாலிருந்தே ஃபீட்பேக்கை (வெளிவரும் சிக்னலைத் திருப்பியனுப்பிப் பிழை திருத்தும் வழி) எடுப்பார்கள். அதனால் ஸ்பீக்கரின் ஓம்ஸ் மாறமாற ட்ரெபிள் கூடும், குறையும். ஒருவர் வீட்டில் கணீர் என்று கேட்ட ஆம்ப் இன்னொருவர் வீட்டில் மந்தமாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். ஃபில்டருக்குப் பின்னால் ஃபீட்பேக் எடுத்தது, சுருக்கமாக பிஎஃப்எஃப்பி, என்று குறிப்பிட்டிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஹைபெக்ஸ், ப்யூரிஃபை கம்பெனிகளின் ரெடிமேட் கிளாஸ் டி மாட்யூல்களில் இந்தத் தொல்லையே கிடையாது, விலைதான் வேறு.

கிளாஸ் ஏபி என்றால் டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க், எடை, சூடு. பழைய முறைதான், ஆனால் தெருமுனை மெக்கானிக் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிகிற முறை. யமஹா ஏ-எஸ்301, மராண்ட்ஸ் பிஎம்6007 மாதிரி ஆரம்பநிலை ஆம்ப்கள் 45 முதல் 60 வாட்ஸுக்குள் வரும், அந்த எண்களும் நம்பத்தக்கவை. கிளாஸ் ஏ பக்கம் மட்டும் நம் மே மாதத்தில் போகவேண்டாம். பாட்டே ஓடாவிட்டாலும் முழுச் சூட்டில் இருக்கும், ஏசி பில்லையும் சேர்த்துத்தான் விலை.

ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் ஆம்பின் பின்பக்கம் பாருங்கள், '6 ஓமுக்கு மேல்' என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கு இல்லை. 8 ஓம் என்று போட்ட ஸ்பீக்கர்களிலேயே சில, குறிப்பிட்ட அலைவரிசைகளில் 4க்குக் கீழே இறங்கும். நல்ல பவர் சப்ளை இருக்கும் ஆம்ப் 8 ஓமிலிருந்து 4 ஓமுக்குப் போகும்போது வாட்ஸில் நன்றாக ஏறும். ஏறாமல் அப்படியே நின்றால் உள்ளே சரக்கு இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

நீடித்து உழைப்பதைப் பற்றித்தான் நம்மூரில் அதிகம் பேசவேண்டும், ஆனால் யாரும் பேசுவதில்லை. ஆம்பைக் கொல்வது முதலில் சூடு. உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் 10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும், அதனால் கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள் ஆம்பைத் திணிக்காதீர்கள், மேலே அரையடி காலி விடுங்கள், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்காதீர்கள். இரண்டாவது கரண்ட். போன கரண்ட் திரும்ப வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜும், இடிமழையும் சேர்ந்து செய்கிற சேதம் பெரியது. இடி இடித்தால் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிட வேண்டும். 230 வோல்ட் ஒழுங்காக வராத பகுதி என்றால் ஸ்டெபிலைசர் வையுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் உறுமும், சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை. மூன்றாவது கடற்கரைக் காற்று, ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் உள் ஸ்விட்ச்) முனைகளில் உப்பும் ஈரமும் படிந்துவிடும். அப்புறம் பல்லி. சூடான டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒண்ட வந்து, பவர் போர்டில் குறுக்கே படுத்து, தன்னையும் முடித்து ஆம்பையும் முடித்துவிடும், சிரிக்கவேண்டாம், சர்வீஸ் செய்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவது தப்பே இல்லை, பார்த்து வாங்கினால் புதியதைவிட லாபம். முதலில் பின்பக்கம் வோல்டேஜ் பாருங்கள், ஜப்பான் உள்ளூர் மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120. நம் ப்ளக்கில் நேராகச் செருகினால் கதை முடிந்தது, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆம்பைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஒவ்வொரு சேனலின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே டிசி மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 50க்குள் இருந்தால் சரி, 100ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது, விட்டுவிடலாம். பிறகு ஸ்பீக்கரை மாட்டி மிகக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். ஒரு பக்கம் வராமல் இருந்து வால்யூமை ஏற்றியதும் பட்டென்று வந்தால் ரிலே முனை அழுக்கு, சில்லறைச் செலவில் மாற்றலாம், ஆனால் விற்கிறவரிடம் அதைச் சொல்லாமல் விலையைக் குறைக்கலாம். வால்யூம் திருகும்போது கரகர என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கண்டென்சர் தலை உப்பியிருந்தாலோ, போர்டில் கருகிய தடம் இருந்தாலோ யோசியுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கையால் செய்து தரும் அசெம்பிள் செட் பற்றியும் கேட்பார்கள். கைதேர்ந்தவர் செய்தால் அந்த விலைக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் எல்லாமே செய்கிறவரின் கையிலும் உள்ளே போகும் சரக்கிலும் இருக்கிறது. தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடிக்கும், சான்யோவின் எஸ்டிகே ஐசிக்கும் போலி கொட்டிக் கிடக்கிறது. போலி டிரான்சிஸ்டர் சின்னச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது, ஒருநாள் வால்யூமை ஏற்றும்போது ஷார்ட் ஆகி முழு டிசியையும் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அதனால் செய்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு (டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடுவது) போட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால், தேவையில்லை என்று அவர் எவ்வளவு விளக்கினாலும், போடச்சொல்லி காசு கொடுங்கள்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். ஒரு டெசிபல் சத்தம் கூட இருந்தாலே அந்த ஆம்ப்தான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும், விற்பனையாளருக்கு இது நன்றாகவே தெரியும். ஃபோனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். உங்கள் வீட்டு ஸ்பீக்கரோடு கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. கடையில் கார்ப்பெட்டும் சோபாவும் இருக்கும், உங்கள் ஹாலில் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ட்ரெபிள் குத்துகிறது என்றால் ஆம்பைத் திட்டாமல் முதலில் ஒரு கனமான ஜமக்காளத்தையும் திரைச்சீலையையும் போட்டுப் பாருங்கள்.

டிவியோடு சேர்க்கப்போகிறீர்கள் என்றால் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ஆம்புக்குக் கொண்டுவரும் இணைப்பு) இருக்கிற ஆம்ப் எடுங்கள், டிவி ரிமோட்டிலேயே சத்தம் குறைக்கலாம், வீட்டில் மற்றவர்களும் தொடுவார்கள். விம் ஆம்ப் மாதிரி ஸ்ட்ரீமிங்கும் ஏஆர்சியும் ஒரே டப்பாவில் வருவது இந்த வகையில் சௌகரியம். கேபிள் டிவி ஒயரைச் செருகியதும் ஹம்மிங் வந்தால் அது எர்த் லூப் (இரண்டு எர்த் வழிகள் சுற்றிக்கொள்வது), ஆப்டிகல் கேபிளில் இணைத்தால் போய்விடும். அதற்காக ப்ளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் வேலை மட்டும் வேண்டாம், ஷாக் அடிக்கும்.

வாங்குவதற்கு முன் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு ஃபோன் போட்டு, இந்த மாடலை இங்கேயே பார்ப்பீர்களா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா என்று கேட்டுவிடுங்கள். இறக்குமதி செய்து விற்பவருடைய வாரண்டி என்றால் பில்லில் அதை எழுதி வாங்குங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள், சர்வீஸுக்கு அனுப்ப அதுதான் உதவும். மாட்டும்போது ஒயரின் ஒரு இழைகூடப் பக்கத்து டெர்மினலைத் தொடாமல் முறுக்கிச் செருகுங்கள், கிளாஸ் டி ஆம்பில் இரண்டு சேனலின் நெகட்டிவையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. இதையெல்லாம் முடித்த பிறகு ப்ளக்கை மாட்டுங்கள், முன்னால் அல்ல.