பென்சிலில் வரைந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்ப்பது எப்படி?

தத்ரூபமான பென்சில் ஓவியத்தைக் கண்டதும் “போட்டோ மாதிரியே இருக்கிறது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன். ஓர் எவர்சில்வர் டம்ளரின் ஓவியம் என்னைக் குழப்பிய பிறகு, படிப்படியாகக் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆறேழு அடி தள்ளி நின்று, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியும்.

அடுத்து உருவம். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் டம்ளரின் வாய் நீள்வட்டமாகத் தெரியும். அகலத்தோடு ஒப்பிட்டால், அடிப்பக்க வளைவு வாயின் வளைவைவிடச் சற்றே அதிகமாக உருண்டிருக்க வேண்டும். அடியை நேர்கோடாக வரைந்திருந்தால் டம்ளர் மேசையில் உட்காராது.

மூன்றாவது படியில்தான் நான் தடுமாறினேன். ஓவியத்தில் சன்னல் வெளிச்சம் விழும் பக்கத்திலேயே, மேலிருந்து கீழாக ஒரு கரும்பட்டை இருந்தது. அதை நிழல் என்று எண்ணி, ஓவியர் பிழை செய்துவிட்டார் என்றே முடிவு செய்தேன். பிறகு வீட்டு டம்ளர் ஒன்றைச் சன்னலோரம் வைத்து, அருகே கையைக் கொண்டுபோனேன்; அதே போன்ற பட்டை தோன்றியது, கையை எடுத்ததும் மறைந்தது. பளபளப்பான உலோகத்தின் மேல் நாம் காண்பது பெரும்பாலும் சுற்றியுள்ள சன்னல், சுவர், ஆட்கள் ஆகியவற்றின் பிம்பங்களே என்பதும், உருண்ட பரப்பில் அவை பக்கவாட்டில் நெருக்குண்டு செங்குத்துப் பட்டைகளாகின்றன என்பதும் அப்போதுதான் புரிந்தன. மண்பானையில் வெளிச்சம் மெல்ல மெல்ல இருளாக மாறும். எவர்சில்வரிலோ வெளுப்பும் கருப்பும் கத்தியால் வெட்டியதுபோல் அடுத்தடுத்து நிற்கும். இந்தச் சோதனையை வீட்டில் ஒருமுறை செய்து பார்க்காமல் மேலே படிக்க வேண்டாம்.

அந்த ஓவியத்து டம்ளரில் பெயரும் வெட்டியிருந்தது. நெருங்கிப் பார்த்தால், புள்ளி புள்ளியாக இருந்த எழுத்துகளில் ஒவ்வொரு குழிக்கும் ஓர் ஓரம் கருத்தும் எதிர் ஓரம் வெளுத்தும் இருந்தன. ஒரே கருப்பில் எழுதியிருந்தால் அது மையால் எழுதிய பெயராகியிருக்கும். இங்கே உளி பதிந்த ஆழம் தெரிந்தது.

இனி, மிக வெளுத்த இடத்தையும் மிகக் கருத்த இடத்தையும் தேடுங்கள். வெளுத்தது பெரும்பாலும் தொடாமல் விட்ட வெறும் தாள். வெள்ளைப் பேனாவால் பளபளப்பை ஏற்றுவதைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன். கருத்தது, டம்ளர் மேசையைத் தொடும் மெல்லிய கோடு. பென்சிலின் கருப்புப் பொருளான கிராபைட்டின் பொடியோடு களிமண்ணைக் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்கு 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் வெளிறிய கோடு தரும் எச் (H) வகைக் கடினப் பென்சில், குறைந்தால் கருமை கூடிய பி (B) வகை மென்மையான பென்சில். சாம்பல் நிறச் சுவருக்கும் இந்தக் கோட்டுக்கும் ஒரே பென்சில் போதாது.

கருவி என்றால், பூதக்கண்ணாடியைவிடத் துளையிட்ட வெள்ளை அட்டையையே நான் பரிந்துரைப்பேன். துளை வழியே ஒவ்வோர் இடமாகப் பார்த்தால், வெள்ளை என்று நம்பிய பல இடங்கள் சாம்பல் என்று தெரியவரும்.

பின்சேர்க்கை: பென்சில் ஓவியத்தைக் கைபேசியில் எடுத்த படத்தில் கரும்பகுதி வெளிறித் தெரிவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அழுத்தித் தீட்டிய கிராபைட் ஒளியைத் திருப்பி அடிக்கும். ஆகவே பிளாஷை அணைத்துவிட்டு, பக்கவாட்டுச் சன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்.