சிமுலேட்டர் மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபுளோரிடாவில் உள்ள ஒரு விமானப் பயிற்சி மையத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிமுலேட்டர் (தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் கருவி) ஆசிரியராக இருக்கிறேன். விமான நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளாத பின்னிரவு நேரங்களை, விமானம் ஓட்டும் ஆசை தீராத பொதுமக்களுக்கு மணிக்கணக்கில் விற்பது எங்கள் மையத்தின் வழக்கம். சென்ற மாதம் ஒரு நள்ளிரவில், திருச்சியில் படித்துவிட்டு இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர், வரவேற்பறையில் அமர்ந்திருந்த வாடிக்கையாளரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "நல்ல ஆள்தான் சார், பேச்சிலேயே தெரியுது" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போகக் கிளம்பினார். 2006ஆம் ஆண்டில் நான் சொன்ன அதே வாக்கியம் அது. அதற்கு நான் கொடுத்த விலையை அவரும் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். தாமதமாக வருவது, காபிக் கோப்பையோடு காக்பிட்டுக்குள் நுழைவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாச் சிமுலேட்டரும் ஒன்றே என்று நினைப்பது

துபாய் மாலில் எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏ380 காக்பிட்டில் அமர்ந்து பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அது பொழுதுபோக்குக்காகவே அமைக்கப்பட்டது. விமான நிறுவனங்கள் தம் விமானிகளுக்குப் பயிற்சி தரவும் அவர்களைச் சோதிக்கவும் பயன்படுத்தும் 'லெவல் டி' சிமுலேட்டர் வேறு சாதி. ஆறு கால்களின் மேல் நிற்கும் ஒரு சிறிய வீடு போல இருக்கும். உள்ளே செல்ல ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். எல்லோரும் பெல்ட் போட்டபின் பாலம் விலகினால்தான் அந்த வீடு அசையத் தொடங்கும். அதில் பயிற்சி முடித்த ஒரு விமானி, அந்த ரக விமானத்தை முதன்முதலாகப் பயணிகளோடே ஓட்டலாம் என்ற அளவுக்கு அதன் நடத்தை உண்மையானது. ஹீத்ரோவுக்கு அருகிலுள்ள தன் பயிற்சிக் கூடத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இத்தகைய நேரங்களைப் பொதுமக்களுக்கு விற்றிருக்கிறது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தன் பயிற்சி மையத்தின் கதவுகளைத் திறந்து, கட்டணத்துக்குச் சிமுலேட்டரில் உட்காரவைத்தது.

அமெரிக்காவில் சட்டம் இந்த இரண்டு வகையையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. விமானப் போக்குவரத்து நிர்வாகம் அங்கீகரித்த கருவியாக இருந்து, அது காட்டும் விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 12,500 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 5,670 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால், அமெரிக்கக் குடிமகன் அல்லாதவருக்கு அதில் பயிற்சி அளிக்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ.வின் அனுமதி வேண்டும். ஒரு போயிங் 737 இந்த எல்லையைப் பல மடங்கு தாண்டியது. வாடிக்கையாளர் "சும்மா ஆசைக்குத்தான்" என்கிறார். ஆனால் அருகில் அமர்ந்து நான் கற்பித்தால் அது பயிற்சியே என்றுதான் எங்கள் மையம் எடுத்துக்கொள்கிறது. தொலைபேசியில் கேட்பவருக்கு இந்த வேறுபாட்டை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். பணம் கட்டிய பிறகு சொன்னால் சண்டை வரும்.

கிரீன் கார்டு போதும் என்று சொல்வது

போதாது. குடிமகனா, இல்லையா என்பதே கேள்வி.

நம்மவர்களிடம் இதைச் சொல்வது மிகவும் கடினம். பதினைந்து ஆண்டுகள் இங்கே வரி கட்டியவர், "என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறீர்களா தம்பி?" என்று கேட்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். இருந்தாலும் விண்ணப்பம், கைரேகை, காத்திருப்பு ஆகிய மூன்றும் அவருக்கும் உண்டு.

பணம் கட்டியவரின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பது

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மாமா, ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு மணி நேரம் வாங்குவார். வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டை நீட்டுபவர் மாமா. இடது இருக்கையில் அமர்பவர் மருமகன். பார்க்க வேண்டியது இருக்கையில் அமர்பவரின் ஆவணத்தை. பின்னால் பார்வையாளராக அமர்ந்திருப்பவர், "ஐந்து நிமிடம் நானும் ஓட்டிப் பார்க்கிறேனே" என்று எழுந்து வரும்போதும் இதே விதிதான்.

முகத்தையும் பேச்சையும் வைத்து ஆளை எடைபோடுவது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இருபது ஆண்டுகளாக இதே தவறு என் கண் முன்னால் நடக்கிறது.

இந்தத் தொழிலில் புதிதாக நுழையும் எவரும் முதல் வாரத்தில் ஒரு கதையைக் கேட்டுவிடுவார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒருவன் சிமுலேட்டர் பயிற்சிக்கு வந்தான், விமானத்தை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கற்க வேண்டாம், பறக்க மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டான், அதனால் மாட்டிக்கொண்டான் என்பது அந்தக் கதை. கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கும். ஆனால் அது நடந்ததல்ல. மின்னசோட்டா மாநிலத்தின் ஈகன் நகரில் 747 சிமுலேட்டர் பயிற்சிக்கு வந்த, பின்னர் அந்தத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட சக்காரியாஸ் மூசாவி அப்படிக் கேட்கவில்லை என்று 9/11 விசாரணை ஆணையத்தின் அறிக்கை தெளிவாகக் கூறுகிறது. பறப்பதைப் பற்றி அதிகம் தெரியாத அவர், அந்தப் பெரிய விமானத்தை ஏற்றவும் இறக்கவும் கற்கவே விரும்பினார். அங்கே இருந்தவர்களை உறுத்தியது வேறு: அந்தப் பயிற்சிக்கு வழக்கமாக வருபவர்களிடம் இருக்கும் தகுதிகளில் ஒன்றுகூட அவரிடம் இல்லை, விமானியாக வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை, கட்டணத்தின் பெரும்பகுதியை ரொக்கமாகக் கட்டியிருந்தார்.  ஊழியர்கள் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார்கள். ஆகஸ்ட் 16 அன்று, அனுமதித்த காலத்துக்கு மேல் நாட்டில் தங்கிய குற்றத்துக்காக அவர் பிடிபட்டார்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2000 டிசம்பர் கடைசியில், மயாமிக்கு அருகிலுள்ள ஓபா-லாக்கா விமான நிலையத்தில், பின்னர் அந்தச் செப்டம்பர் தாக்குதலில் விமானங்களைக் கட்டடங்களில் மோதிய முகமது அட்டாவும் மர்வான் அல்-ஷெஹியும் பெரிய ஜெட் சிமுலேட்டரில் பயிற்சி எடுத்தார்கள். அப்போது இருவரிடமும் முறையாகத் தேர்வெழுதிப் பெற்ற வணிக விமானி உரிமம் இருந்தது. பணம் கட்டினார்கள், ஓட்டினார்கள், போனார்கள். முகத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் ஆளைப் பிடித்துவிடலாம் என்று நம்புபவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். 2001 நவம்பரில் வந்த சட்டமும், 2004 செப்டம்பரில் டி.எஸ்.ஏ. கொண்டுவந்த விதியும் ஆசிரியரின் மூக்கை நம்பாமல் கைரேகையை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது.

இவை எதுவும் தெரியாமல், கதையை மட்டும் நம்பியவன் நான். 2006இல் ஓர் இரவு, லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். ஓடுபாதையில் சிமுலேட்டரை நிறுத்தி இன்ஜினை இயக்கத் தொடங்கியபோது, "ஏற்றுவதும் வேண்டாம், இறக்குவதும் வேண்டாம், அட்லாண்டிக் கடலுக்கு மேலே, 35,000 அடியில், நள்ளிரவில் என்னை வைத்துவிடுங்கள்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஃப்ரீஸ் பொத்தானை அழுத்தி, பாலத்தை இறக்கி, ஏதோ கோளாறு என்று பொய் சொல்லி அவரை வெளியே அழைத்து வந்தேன். மேலாளர் வந்தார், பிறகு காவலர்கள் வந்தார்கள். தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெரியவர் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார்.

அவர் முப்பது ஆண்டுகள் சரக்கு விமானங்களில் ஃபிளைட் இன்ஜினியராக வேலை செய்தவர். பழைய விமானங்களில் இன்ஜினியரின் இருக்கை பக்கவாட்டுச் சுவரில் உள்ள கருவிப் பலகையைப் பார்த்தபடி இருக்கும். அட்லாண்டிக்கை எத்தனையோ இரவுகள் கடந்தும், ஸ்டியரிங்கை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. "ஏற்றுவதும் இறக்குவதும் விமானிகளின் வேலை. எனக்கு அந்த நடுராத்திரி போதும்" என்று அவர் காவலரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அமெரிக்கப் பாஸ்போர்ட் தொடக்கத்திலிருந்தே அவருடைய சட்டைப் பையில் இருந்தது. நான் கேட்கவே இல்லை.

அதே மாதத்தில், தோள்பட்டைகளில் தங்கக் கோடுகள் மின்ன ஓர் இளைஞர் வந்தார். இறங்கும் வேகம், ஃபிளாப் அளவு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. எங்கள் ஆள் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. அவர் வெளிநாட்டவர். விண்ணப்பம் போட்டிருந்தார், அனுமதி இன்னும் வரவில்லை. பெரிய விமானங்களுக்கான அந்தக் காத்திருப்பு அன்றைக்கு முப்பது நாட்கள் வரை நீளும். அதையும் நான் கேட்கவில்லை. பின்னர் ஆய்வுக்கு வந்த அதிகாரி, பயிற்சிப் பதிவேட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்கு எதிரே இருக்க வேண்டிய தாள் இல்லாததைக் கண்டுபிடித்தார். மையம் அபராதம் கட்டியது. நான்கு மாதங்களுக்கு எனக்கு இரவு வகுப்புகள் இல்லை. அந்த இளைஞரும் யாருக்கும் தீங்கு நினைக்காதவர்தான். தவறு முழுக்க என்னுடையது: கேட்க வேண்டியவரிடம் கேட்காமல், சந்தேகிக்க வேண்டாதவரைச் சந்தேகித்தேன்.

தெற்காசிய முகத்தோடு அந்த ஆண்டுகளில் அமெரிக்க விமான நிலையங்களில் தனியே அழைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டவன் நான். அப்படிப்பட்ட நானே அந்தப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்தேன் என்பது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் ஆவணம், அடுத்து, அனுமதி பெற்றவரும் வந்திருப்பவரும் ஒருவரே என்பதற்கான புகைப்பட ஒப்பீடு, அதன் பிறகே உரையாடல். ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றினால் நீங்கள் துப்பறியத் தொடங்காதீர்கள். 2024ஆம் ஆண்டின் புதிய விதி ஒவ்வொரு பயிற்சி நிறுவனமும் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. அவரை எழுப்பிச் சொல்லுங்கள், இரவு இரண்டு மணியானாலும்.

காரணத்தை மழுப்புவது

அனுமதி ஏன் வரவில்லை என்று வாடிக்கையாளர் கேட்டால், "கணினி வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள்.

வெடிகுண்டு நகைச்சுவை

கூடாது.

பின்னிரவில் தனியாக இருப்பது

பகலில் வரவேற்பு மேசையில் ஒருவர் ஆவணத்தைப் பார்க்கிறார், உள்ளே மற்றொருவர் பாடம் நடத்துகிறார். பொதுமக்களுக்கு விற்கும் நேரமோ பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னரே கிடைக்கும். அப்போது இரண்டு வேலையும் ஒரே ஆசிரியரின் தலையில் விழுகிறது. வாடிக்கையாளர் குழந்தையைப் போல மகிழ்ச்சியாக இருக்கிறார், நமக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, மணிக்கணக்கில் ஓடும் கட்டணம் வேறு. இந்தச் சூழலில்தான் நான் மேலே சொன்ன எல்லாத் தவறுகளும் நடக்கின்றன. நான் பாலத்தின் நுழைவாயிலில், கைப்பிடியோடு சேர்த்து ஒரு கிளிப் பலகையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அமரப்போகிறவரின் பெயர், ஆவண வகை, பார்த்த நேரம் ஆகிய மூன்றையும் அதில் எழுதாமல் நான் பாலத்தில் கால் வைப்பதில்லை. திருச்சி இளைஞருக்கும் அன்றிரவு அதைத்தான் காட்டினேன். அவர் திரும்பிப் போய்க் கேட்டார். வந்தவர் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். வேறு தேதி கொடுத்து அனுப்பினோம்.