ஆவணப்பட விழா நடத்தி, படத்தில் வருபவருக்கே நிதி திரட்டுவது எப்படி?

பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் நாங்கள் முதன்முதலாக ஆவணப்படம் திரையிட்டபோது, படத்தில் வரும் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி வேலை செய்தவர். படம் முடிந்ததும் உண்டியல் வைத்தோம். நல்ல தொகை சேர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் தொகையை மைக்கில் அறிவித்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் கடன் கொடுத்தவர்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். பையன் படிப்புக்கென்று சேர்ந்த பணத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது. தவறு என்னுடையது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இப்படி ஒரு விழா நடத்த நினைக்கும் புதியவர்கள் அதைத் திரும்பச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: படத்தில் வருபவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள்

மண்டபம், புரொஜெக்டர் எல்லாம் அப்புறம். முதலில் அவரிடம் கேட்க வேண்டியது, இந்தப் படத்தை இந்த ஊரில் காட்டலாமா என்பது. டெல்லியில் காட்டுவது வேறு, பாலக்கோட்டில் காட்டுவது வேறு. டெல்லியில் அவரை யாருக்கும் தெரியாது. இங்கே மேஸ்திரி, வட்டிக்காரர், சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்ப்பார்கள். அவர் தயங்கினால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். வற்புறுத்தி வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

அடுத்தது, என்ன தேவை என்று கேட்பது. நாம் பாட்டுக்குப் பணம்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கமோ கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை, பட்டா இல்லை என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது மனு எழுதத் தெரிந்தவரும் தாலுகா ஆபீசுக்குக் கூட வரும் ஆளும்தான். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஃபுளோரைடு தண்ணீரால் எலும்பும் பல்லும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அப்படி ஒருவரைப் பற்றிய படம் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் செலவும் அன்றைய கூலி இழப்பும்தான் அவருடைய கணக்காக இருக்கலாம். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

மூன்றாவது, பணம் யார் கையில், எப்படிப் போக வேண்டும் என்பது. மொத்தமாகவா, மாதாமாதமா? அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா? வீட்டில் யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது? பேசியதை ஒரு தாளில் தமிழில் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டி, நீங்களும் அவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இந்தத் தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2023ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்ற தமிழ் ஆவணக் குறும்படத்தில் வரும் ரகு என்ற யானைக்குட்டி, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காட்டிலிருந்து முதுமலைக்குப் போனதுதான். அதை வளர்த்த தம்பதிக்கும் படமெடுத்தவர்களுக்கும் பணம் பற்றிக் கருத்து வேறுபாடு வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் வக்கீல் நோட்டீஸ் வரை போனது. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. நல்ல மனதோடு தொடங்கிய உறவிலும் வாய்ப்பேச்சு போதாது.

நீங்களே படமெடுப்பவராக இருந்தால், படப்பிடிப்பு நடக்கும்போது உதவித்தொகை பற்றிய ஆசையைக் காட்டாதீர்கள். கேமரா முன்னால் அவர் பேசுவதே மாறிவிடும். கெட்டுப்போன நாள் கூலியைக் கொடுப்பது வேறு, அது கட்டாயம் கொடுக்க வேண்டியது.

படி 2: அனுமதிகள்

இயக்குநரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது இடத்தில் காட்ட 1952ம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். சான்று இல்லாத படங்களை விழாவில் காட்ட, ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மைக் வைக்கக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதனால் இரண்டு படம் போதும்.

படி 3: பணம் வந்து சேரும் இடம்

உங்கள் சொந்த ஜிபே எண்ணைத் திரையில் போடாதீர்கள். பதிவு செய்த அறக்கட்டளையோ சங்கமோ இருந்தால் அதன் பெயரில் தனிக் கணக்கு திறந்து, அதற்கு க்யூஆர் அட்டை வாங்குங்கள். இல்லையென்றால் நம்பகமான உள்ளூர் அமைப்பு ஒன்றோடு சேர்ந்துகொள்ளுங்கள். வரிச்சலுகை ரசீது கேட்பவர்களுக்கு, அந்த அமைப்புக்கு வருமான வரித் துறையின் நன்கொடைச் சலுகைப் பதிவு (80ஜி என்பார்கள்) இருந்தால்தான் தர முடியும். ரொக்கமாகத் தந்தால் 2000 ரூபாய்க்கு மேல் அந்தச் சலுகை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் அனுப்பும் பணத்தை வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் தொடவே வேண்டாம்.

விழாச் செலவுக்கும் உதவிப் பணத்துக்கும் தனித்தனி நோட்டு வையுங்கள். சவுண்ட் சர்வீஸ், ஜெனரேட்டர், டீ, போஸ்டர் எல்லாம் முதல் நோட்டில். அதற்கு ஊர்க் கடைக்காரர்களிடம் முன்பே கேட்டுவிடலாம். உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில் 2006ல் தொடங்கிய 'பிரதிரோத் கா சினிமா' (எதிர்ப்பின் சினிமா) இயக்கம், பெரிய கம்பெனி விளம்பரம் எதுவும் வாங்காமல் மக்கள் தரும் பணத்திலேயே விழாக்களை நடத்திக் காட்டியிருக்கிறது. நம்மாலும் முடியும்.

படி 4: நாள்

ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் குறைத்துப் பேசலாம். ஆடிப்பெருக்கை மட்டும் தவிருங்கள், ஊரே ஒகேனக்கல்லில் இருக்கும். என் விருப்பம் பொங்கல் வாரம்தான். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊரில் இருப்பார்கள், கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். ஓசூர், தளி பக்கம் அந்தக் குளிரில் திறந்தவெளி வேண்டாம். அங்கே தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய, அறிமுகப் பேச்சை அந்த மொழிகளிலும் இரண்டு நிமிடம் சொல்லுங்கள்.

படி 5: மொய் மேசை

உண்டியலைவிட மொய் நோட்டு நல்லது. நம் ஆட்களுக்குப் பழகியது, கணக்கும் அங்கேயே எழுதப்படுகிறது. வாசல் பக்கம் ஒரு மேசை, இரண்டு பேர். ஒருவர் வாங்க, ஒருவர் பெயர், ஊர், தொகை எழுத வேண்டும். பக்கத்தில் க்யூஆர் அட்டை. யார் எவ்வளவு என்று மைக்கில் வாசிக்காதீர்கள். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்றும் அறிவிக்காதீர்கள், நான் செய்த தவறு அதுதான். இருபது ரூபாய் வைத்திருக்கும் பாட்டி அந்த மேசைக்கு வரத் தயங்கக் கூடாது.

படம் முடிந்து, கூட்டம் இன்னும் எழுந்திருக்காத நேரத்தில் மூன்று நிமிடம் பேசுங்கள். என்ன தேவை, எவ்வளவு தேவை, யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும். படத்தில் வருபவரை மேடையேற்றிக் கும்பிட வைக்காதீர்கள். அவர் பேச விரும்பினால் படத்தைப் பற்றிப் பேசட்டும். பணம் கேட்பது நம் வேலை.

படி 6: ஒப்படைப்பது

அன்றிரவே மூன்று பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுங்கள். மறுநாளே வங்கியில் கட்டுங்கள். ஒரு வாரத்துக்குள், முதல் படியில் எழுதிய தாளில் உள்ளபடி கொடுத்துவிடுங்கள். பெரிய அட்டைக் காசோலை, போட்டோ, பொன்னாடை எதுவும் வேண்டாம். பணம் தந்தவர்களுக்குக் கணக்கு சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதில் எதை எழுதலாம் என்று படத்தில் வருபவரிடம் முதலில் காட்டிக் கேளுங்கள்.

அந்த அக்காவின் பையனுக்கு, மிச்சமிருந்த பணத்தை நேராகப் பாலிடெக்னிக்கிலேயே கட்டினோம். ரசீது அவரிடம், நகல் எங்கள் ஃபைலில். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வேறொரு ஊரில் திரையிட்டோம். அதை எங்கே காட்டலாம் என்று சொன்னது அவர்தான்.