பிடித்த படம் இப்போது சப்பென்று இருந்தால்

ஒரு காலத்தில் உயிராக இருந்த படம் இன்று சப்பென்று தெரிகிறதா? உடனே படத்தைத் திட்டாதீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது டிவியைத்தான். சினிமா பெரும்பாலும் வினாடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுவது. புது டிவிகளில் உள்ள 'மோஷன் ஸ்மூத்திங்', இல்லாத ஃபிரேம்களைத் தானே தயாரித்து நடுவில் சொருகிவிடும். பிரமாண்டமான சண்டைக்காட்சிகூட சீரியல் மாதிரி வழவழவென்று ஓடும். செட்டிங்ஸில் பிக்சர் பகுதிக்குப் போய் அதை அணையுங்கள். படத்தை எடுத்தபடியே காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும். அப்புறம், ஆட்களின் நெற்றி வெட்டுப்பட்டால் ஜூமை எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் படம் மனதில் ஒட்டவில்லையா? சரி, கோளாறு படத்தில்தான். கடைசித் திருப்பத்தை மட்டும் நம்பி எடுத்தவை இரண்டாம் முறை தாங்காது. அவற்றில் ஹீரோவை விட்டுவிட்டு, ரகசியம் தெரிந்த பாத்திரத்தின் முகத்தையே கவனியுங்கள். நல்ல நடிகர் என்றால் முதல் காட்சியிலேயே ஒரு கண்ணசைவில் சாடை காட்டியிருப்பார். எனக்கு அதைப் பிடிப்பதுதான் இப்போது கதையைவிட சுவாரசியம்.

நகைச்சுவைப் படம் என்றால், முதல்முறை பார்க்கிற ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பெண்ணை விரட்டி விரட்டிக் காதலிக்கும் படங்களுக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை; அவற்றின் பாட்டுகளைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.