உளி தீட்ட ஒரு கண்ணாடித் துண்டு போதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட வீடுகளில் ரப்பர் பால்வெட்டுக் கத்தி தீட்டிய கல் இன்னும் கிடக்கும். நடுவில் குழி விழுந்த அந்தக் கல்லில் உளியைத் தீட்டினால் முனை வளைந்துதான் போகும். கல் வாங்கவும் வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் உப்புத்தாளை நனைத்து ஒட்டுங்கள். 400, 1000, 2000 நம்பர் தாள்களை, சொரசொரப்பிலிருந்து நைசுக்கு, வரிசையாக மாற்றினால் சரி.

முதலில் உளியின் தட்டையான முதுகைத் தேயுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் சரிவுப் பக்கத்தை 25 பாகையில் வைத்து, முதுகுப் பக்கம் விரலில் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை இழுங்கள். கடைசியாக முதுகை லேசாக இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். ரப்பர் மரத் துண்டின் தலைமாட்டில், அதாவது குறுக்கே அறுத்த முகத்தில், சீவிப் பாருங்கள். பொடியாகாமல் சுருளாக வரவேண்டும்.

மோட்டார் சாணையில் முனை சூடேறி நீலமானால் அந்த இடத்தில் உளியின் பதம், அதாவது கடினம், போய்விட்டது.

செதுக்கும்போது மரத்தைக் கிளாம்ப்பில் இறுக்கி, இரு கைகளையும் முனைக்குப் பின்னால் வையுங்கள். உளி கீழே விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை இழுத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பிடித்தேன், மூன்று தையல்.